ஆட்டைத் துரத்தும் நாயைப் பிரிட்டன் விவசாயிகள் சுட்டுக்கொல்வது ஏன்?

இதைக் கல்நெஞ்சம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வேல்ஸ், கம்பிரியா மலைப்பகுதிகளில் செம்மறி வளர்ப்போருக்கு நாய் வேலைத்துணை. ஆயினும் ஒருமுறை மந்தைமீது பாய்ந்து கடித்த நாய் மீண்டும் அதையே செய்யும் என்ற நம்பிக்கை அங்கே ஆழமாக வேரூன்றியிருப்பதால், தாம் வளர்த்த நாய்க்கும் பலர் விலக்குத் தருவதில்லை. சினை ஆடுகள், பல் படாவிட்டாலும், துரத்தப்பட்ட அதிர்ச்சியிலேயே கருவை இழக்கக்கூடும். நகரத்து நாய்ப்பிரியர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். தொல்லை தருவது ஆளை முட்டும் கிடாவாக இருந்தால், அதை இறைச்சிக்கு அனுப்பிவிடலாம் என்பதால் மனப்போராட்டம் குறைவு. நாய்க்கு அந்த வழியில்லை.

சட்டமும் கட்டற்ற அனுமதி தருவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டப்படி, கால்நடையைக் காக்க வேறு நியாயமான வழியில்லாதபோது பிறருடைய நாயைச் சுட்டவர், 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவித்திருந்தால்தான், உரிமையாளர் தொடுக்கும் இழப்பீட்டு வழக்கில் அச்சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியும். சொந்த நாயென்றால், துப்பாக்கியை எடுக்காமல் கால்நடை மருத்துவரின் ஊசியை நாடுவோரும் உண்டு. தன் விலங்கின் முடிவைப் பிறரிடம் ஒப்படைப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும் என்று கருதுவோரும் உண்டு.