மனை, ஷேர், ஜாமீன் கையெழுத்து: வாசகர் கேள்விகளுக்கு பதில்

கேள்வி: 2006ல ஒத்தக்கடை பக்கம் 4 லட்சத்துக்கு ஒரு காலி மனை வாங்கினேன். இப்போ 60 லட்சத்துக்கு ஆள் வந்திருக்கு. ஆனா கைடுலைன் வேல்யூ (பத்திரப்பதிவுக்கு அரசு வெச்ச மதிப்பு) 35 லட்சம்தான், அதுக்கு பத்திரம் போட்டுட்டு மீதியை ரொக்கமா தர்றேன்னு சொல்றார். வரி மிச்சமாகும்னு புரோக்கரும் சொல்றார். சரிங்களா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை)

பதில்: வேண்டாம்மா. மனை விக்கிறப்போ 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு, அதுவும் வாங்கின உங்க மேலதான். அதாவது 25 லட்சம் ரொக்கத்துக்கு 25 லட்சம் அபராதம், வரி தனி. அவர் ஊர் பேர் தெரியாம போயிடுவார், நோட்டீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும்.

சரி, முழுசா 60 லட்சத்துக்கே பத்திரம் போட்டா எவ்வளவு ஆகும்னு பார்ப்போம். 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கின மனைங்கறதால உங்களுக்கு ரெண்டு வழி. இண்டெக்சேஷன் (விலைவாசி ஏறினதுக்கு ஏத்த மாதிரி வாங்கின விலையை உயர்த்திக் கணக்கிடறது) போட்டு 20 சதவீதம், இல்லாம 12.5 சதவீதம், எது கம்மியோ அது. 2025-26 கணக்குக்கு 4 லட்சம் இண்டெக்ஸ் போட்டு சுமார் 12.33 லட்சமாகும், லாபம் 47.67 லட்சம், வரி 9.5 லட்சம். இண்டெக்ஸ் இல்லாம லாபம் 56 லட்சம், வரி 7 லட்சம். உங்களுக்கு 12.5தான் லாபம், ஆனா வருமானம் 50 லட்சத்தை தாண்டறதால சர்சார்ஜும் செஸ்ஸும் (வரி மேல போடற கூடுதல் வரிகள்) மேல வரும்.

இந்த 7 லட்சத்தையும் கட்டணும்னு இல்ல. பத்திரம் முடிஞ்ச 6 மாசத்துக்குள்ள ஆர்இசி, பிஎஃப்சி மாதிரி அரசு நிறுவன கேபிடல் கெயின்ஸ் பாண்டுல 50 லட்சம் வரைக்கும் போடலாம், பழைய 1961 வருமானவரிச் சட்டத்துல 54இசி பிரிவு. அப்போ 6 லட்சத்துக்கு மட்டும்தான் வரி, அதாவது 75,000 ரூபாயும் செஸ்ஸும், சர்சார்ஜும் போயிடும். பாண்டு 5 வருஷம் லாக், வட்டி கம்மி, அந்த வட்டிக்கு வரியும் உண்டு. அதனால அந்த பணம் 5 வருஷத்துக்கு தேவைப்படாதுன்னா மட்டும் போடுங்க, பேரன் கல்யாணம் அடுத்த வருஷம்னா முழுசா போட்டு மாட்டிக்காதீங்க. வீடு வாங்கறதா இருந்தா வேற பிரிவு இருக்கு, ஆனா அதுக்கு விலைப்பணம் முழுசையும் போடணும், ஏற்கனவே ஒரு வீட்டுக்கு மேல உங்க பேர்ல இருக்கக்கூடாது.

அப்புறம் 2006ல கட்டின முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், பின்னாடி போட்ட காம்பவுண்ட் சுவர் பில் எல்லாம் எடுத்து வைங்க, வாங்கின விலையோட சேரும். புரோக்கர் கமிஷனுக்கும் ரசீது வாங்குங்க. விலை 50 லட்சத்துக்கு மேலங்கறதால வாங்கறவர் 1 சதவீதம், அதாவது 60,000 பிடிச்சு உங்க பான்ல கட்டணும், வருமானவரி இணையதளத்துல உங்க கணக்குல அது வந்துருக்கான்னு பாருங்க.

கேள்வி: ஷேர்ல இந்த வருஷம் கொஞ்சம் லாபம், கொஞ்சம் நஷ்டம். மனைவி பேருக்கு மாத்திட்டு வித்தா வரி குறையுமா? (ஐடி ஊழியர், கோவை)

பதில்: குறையாது தம்பி, மனைவிக்கு கிஃப்ட்டா கொடுத்த ஷேர்ல வர்ற லாபத்தை உங்க வருமானத்தோடதான் சேர்ப்பாங்க. அதைவிட நேர் வழி இருக்கு. 12 மாசத்துக்கு மேல வெச்ச ஷேர்ல வருஷத்துக்கு 1.25 லட்சம் லாபம் வரைக்கும் வரி இல்ல, அதுக்கு மேலதான் 12.5 சதவீதம். வருஷா வருஷம் அந்த அளவுக்கு வித்து, பிடிச்ச கம்பெனின்னா திரும்ப வாங்கிக்கலாம், ஆனா புதுசா வாங்கினதுக்கு மறுபடி 12 மாசம் எண்ணணும், அதுக்குள்ள வித்தா 20 சதவீதம். நஷ்டத்தை 8 வருஷம் வரைக்கும் கொண்டு போகலாம், ரிட்டர்னை மட்டும் கெடு தேதிக்குள்ள போடுங்க. நிறைய பசங்க இங்கதான் கோட்டை விடறாங்க.

கேள்வி: மச்சான் கடைக்கு பேங்க்ல ஜாமீன் போட்டேன். தவணை நின்னு போச்சு, எனக்கும் நோட்டீஸ் வந்திருக்கு. வீட்டை மனைவி பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிட்டா தப்பிச்சுக்கலாமா? (கடைக்காரர், திருச்சி)

பதில்: எங்க வீட்டுலயும் இது நடந்திருக்கு, எங்க சித்தப்பா ஒரே ஒரு கையெழுத்துக்காக பூர்வீக வீட்டை இழந்தார், அதனால உங்க நிலைமை எனக்கு நல்லா புரியுது. ஆனா எழுதாதீங்க. நோட்டீஸ் வந்தப்புறம் எழுதற செட்டில்மெண்ட்டை, கடன்காரரை ஏமாத்த எழுதினதுன்னு சொல்லி சொத்துரிமை மாற்றுச் சட்டம் 53வது பிரிவுல ரத்து பண்ண வைக்கலாம், வீடும் போய் வழக்கும் சேரும். ஜாமீன்தாரரோட பொறுப்பும் கடன் வாங்கினவரோட பொறுப்பும் ஒண்ணுதான், முதல்ல அவர்கிட்ட போங்கன்னு சொல்ல முடியாது. மச்சானையும் கூட்டிக்கிட்டு பேங்குக்கு போய் ஒரே தடவையில கணக்கை முடிக்க என்ன தொகைன்னு எழுத்துல கேளுங்க. அது ஓடிக்கிட்டிருக்கற ஓவர்டிராஃப்ட்னா (தேவைப்படறப்போ எடுத்து, திரும்பக் கட்டற கடன் கணக்கு), ஜாமீன் பத்திரத்துல தடை இல்லாத பட்சத்துல, இனிமே எடுக்கற பணத்துக்கு நான் பொறுப்பில்லைன்னு உடனே நோட்டீஸ் கொடுங்க.

இன்னும் நோட்டீஸ் வராத வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. டேர்ம் பாலிசி (ஆயுள் காப்பீடு) எடுக்கறப்பவே 1874ம் வருஷத்து திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்துக்கு கீழ எடுங்க, அந்த பணம் மனைவி குழந்தைகளுக்கானது, உங்க கடன்காரங்க கை வைக்க முடியாது. எடுத்தப்புறம் மாத்த முடியாது, ஃபார்ம்லயே டிக் பண்ணணும். பிபிஎஃப் பணத்தையும் கடனுக்காக கோர்ட் ஜப்தி பண்ண முடியாது.

கேள்வி: டீமேட்ல (ஷேர் வெச்சிருக்கற கணக்கு) மூத்த மகனை நாமினியா போட்டிருக்கேன். இளைய மகளுக்கும் பங்கு போகுமா? (வாசகர், சேலம்)

பதில்: போகும் சார். நாமினி ஷேரை வாங்கி வெச்சுக்கறவர்தான், சொந்தக்காரர் இல்லைன்னு 2023 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. ஆனா அந்த பங்கை வாங்க உங்க மக அண்ணன் மேல கேஸ் போடற மாதிரி விடாதீங்க. யாருக்கு எத்தனைன்னு உயில் எழுதுங்க, சொத்து வாங்காத ரெண்டு பேரை சாட்சியா போடுங்க. பதிவு கட்டாயம் இல்லைன்னாலும் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பண்ணிடுங்க, உயில் எங்க இருக்குன்னு ரெண்டு பிள்ளைங்ககிட்டயும் சொல்லி வைங்க.