ஊருக்குப் போகிறீர்கள், தவளையை என்ன செய்வது?

முழுப்பரீட்சை முடிந்து எல்லோரும் டிக்கெட் போட ஆரம்பித்ததும் எனக்கு வரும் கேள்விகள் ஒரே மாதிரி ஆகிவிடும்: "நாங்க இல்லாதப்போ தவளைக்கு யாரு சாப்பாடு போடுறது?" பெரம்பூரில் பதினோரு வருடமாகத் தவளை வளர்க்கிறேன். வளர்ந்த தவளை நாலு நாள் பட்டினியில் செத்து இதுவரை பார்த்ததில்லை. காய்ந்து செத்திருக்கிறது, சூட்டில் வெந்து செத்திருக்கிறது, அழுக்குத் தண்ணீரில் ஊறிச் செத்திருக்கிறது. அதனால் சாப்பாட்டுக் கவலையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள்.

"ரெண்டு வயசு பேக்மேன் தவளை. நாலு நாள் திருநெல்வேலி போறோம். தனியா விட்டுட்டுப் போகலாமா அண்ணா?" (வியாசர்பாடி)

தாராளமாக விடலாம் தம்பி. (பேக்மேன் என்பது தென் அமெரிக்காவைச் சேர்ந்த, வாய் அகன்ற குண்டுத் தவளை.) உள்ளங்கை அளவு வளர்ந்த பேக்மேனுக்கு வாரத்துக்கு ஒரு வேளை போட்டாலே போதும், மீதி நேரமெல்லாம் அது தேங்காய்நார்த் தூளுக்குள் கண்ணை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருக்கும். செய்யக் கூடாதது ஒன்று உண்டு: 'பாவம், நாலு நாள் கிடைக்காதே' என்று கிளம்புகிற அன்று காலையில் வயிறு முட்டப் போடுவது. கடைசிச் சாப்பாடு மூன்று நாலு நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும், அது கழிந்த பிறகு பெட்டியைச் சுத்தம் செய்து தண்ணீரையும் மாற்றிவிட்டுத்தான் பூட்டைப் போட வேண்டும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சுகிறது. கிண்ணத்திலேயே கழிந்துவிட்டு அதிலேயே நாலு நாள் உட்கார்ந்தால், அந்த அமோனியா முழுக்க உடம்புக்குள் போகும்.

அதே காரணத்தால் எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், ஒரு நாள் முழுக்க வாய் அகன்ற வாளியில் திறந்து வையுங்கள், இல்லையென்றால் மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் ரெண்டு சொட்டு விடுங்கள். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அது தவளை உடம்பில் இருக்கிற தண்ணீரையும் வெளியே இழுத்துவிடும், வேண்டவே வேண்டாம். நான் பழைய ரெண்டு லிட்டர் பாட்டில்களில் இப்படிக் குளோரின் போக வைத்த தண்ணீரை ஊற்றி, மூடியின் மேல் பிளாஸ்திரி ஒட்டித் தேதி எழுதி வைப்பேன். வீட்டில் யாராவது அதை எடுத்து டீ போட்டுவிடாமல் இருக்கத் தவளைப் படமும் வரைந்திருக்கும்.

உங்களுடையது நாணய அளவுக் குஞ்சாக இருந்தால் இதெல்லாம் பொருந்தாது. அதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி வேண்டும், கட்டாயம் ஆள் வைக்க வேண்டும்.

"மே மாசம் ஒரு கல்யாணத்துக்குப் பத்து நாள் போறோம். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற வீடு. ஃபேனைப் போட்டுட்டுப் போனா போதுமா?" (தண்டையார்பேட்டை)

போதாது. ஃபேன் காற்று தவளையை இன்னும் சீக்கிரம் காய வைக்கும், அவ்வளவுதான். பேக்மேனுக்கு 24 முதல் 28 டிகிரி வரை சுகம். நம் ஊரில் மே மாதம் வெளியிலேயே 40 தொடும், ஜன்னலெல்லாம் சாத்திய மேல்மாடி வீட்டுக்குள் மதியம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஐஸ் பாட்டில் வைக்கலாமா என்றால், அதை மாற்ற ஆள் வேண்டும், ஆள் இருந்தால் இந்தக் கேள்வியே இல்லை.

பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்க் கீழ்வீட்டில், தெரிந்தவர் வீட்டில், வெயில் படாத தரையில் வைத்துவிடுங்கள். அலமாரி மேல் வேண்டாம், சூடு மேலேதான் ஏறும். கூடவே ரயிலில் கொண்டுபோகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கல்யாணத்துக்காக அதை அலைக்கழிக்க வேண்டாம் என்பேன். வேறு வழியே இல்லையென்றால் காற்று ஓட்டை போட்ட டப்பாவில் ஈர டிஷ்யூ விரித்து, மூன்று நாள் முன்பே சாப்பாட்டை நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டு போங்கள். பஸ் டிக்கியில் போட்டீர்கள் என்றால் பிறகு என்னிடம் வராதீர்கள்.

"பக்கத்து வீட்டு அக்கா பாத்துக்கறேன்னு சொன்னாங்க, ஆனா தொட பயப்படுறாங்க. என்ன சொல்லிட்டுப் போகணும்?" (கொருக்குப்பேட்டை)

பயப்படுகிறவர்தான் எனக்குப் பிடித்த ஆள். ஆசைப்படுகிறவரிடம் கொடுத்து நான் பட்டிருக்கிறேன். மூன்று வருடம் முன்பு எதிர்வீட்டுப் பையனிடம் சாவியும் ஒரு டப்பா உயிருள்ள கிரிக்கெட் பூச்சியும் கொடுத்து, வாரத்தில் ரெண்டு நாள் நாலு நாலு போடு என்று சொல்லிவிட்டுப் போனேன். அவன் முதல் நாளே டப்பாவை அப்படியே உள்ளே கவிழ்த்துவிட்டான், நல்ல மனசுதான். திரும்பி வந்து பார்த்தால் தவளை மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது, முதுகின் மேல் கிரிக்கெட்டுகள் ஊர்கின்றன, பின்னங்கால் விரல் ரெண்டில் தோலைக் கடித்துச் சிவப்பாக்கி வைத்திருக்கின்றன. தின்னாமல் விட்ட கிரிக்கெட் பசித்தால் தவளையைத்தான் கடிக்கும்.

அதனால் அக்காவிடம் தீனியே கொடுக்காதீர்கள். பத்து நாளுக்கு மேல் என்றால் மட்டும் ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனிப் பொட்டலமாகத் தேதி எழுதிக் கொடுங்கள், நீளமான இடுக்கி ஒன்றும் கொடுங்கள், கை வைக்கவே தேவையில்லை. அவருடைய வேலை தினமும் தண்ணீர்க் கிண்ணம் பார்ப்பது, மண் காய்ந்திருந்தால் நாலு பீச்சு பீச்சுவது. ஸ்ப்ரே பாட்டில் புதிதாக வாங்குங்கள், கண்ணாடி துடைக்கிற திரவம் இருந்த பாட்டிலை எத்தனை தடவை கழுவினாலும் நம்ப மாட்டேன். இன்னொன்று, நம் பக்கத்துக் கொசுவுக்கு யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். அந்த அறையில் கொசுவத்தியோ லிக்விடோ வேண்டாம், தெருவில் கொசு மருந்துப் புகை அடிக்கிற வண்டி வந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள். பூச்சியைக் கொல்கிற மருந்து தவளைத் தோலையும் சும்மா விடாது.

"கொளத்தூர்ல வாங்கின வெள்ளைத் தவளை, தண்ணிக்குள்ளயே இருக்கும். ரெண்டு மாசம் ஊர்ல இருக்க மாட்டோம், ரெட்டேரியில விட்டுடலாமா?"

கூடாது. அது ஆப்பிரிக்க நகத் தவளை, நம் ஏரியில் பிழைத்துக்கொண்டால் இங்கிருக்கிற மீன்குஞ்சு, தலைப்பிரட்டை எல்லாவற்றையும் தின்னும். உலகம் முழுக்கத் தவளை இனங்களை அழித்துக்கொண்டிருக்கும் கைட்ரிட் பூஞ்சையை இது தனக்கு ஒன்றும் ஆகாமல் சுமந்து திரியக் கூடியது. அந்தத் தொட்டித் தண்ணீரைக்கூட மழைநீர் வடிகாலில் கொட்டாதீர்கள். வாங்கின கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா கேளுங்கள், இல்லை மீன் வளர்க்கிற நண்பரிடம் கொடுங்கள். ஒரு வாரம்தான் என்றால் பிரச்சினையே இல்லை: மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, மூடியின் மேல் கனமாக எதையாவது வைத்துவிட்டுக் கிளம்பலாம். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள், அதற்கு நுரையீரல், மேலே வந்துதான் மூச்சு விடும். (1930களில் ஆரம்பித்துப் பல வருடம் கர்ப்பப் பரிசோதனைக்கு இந்தத் தவளையைத்தான் பயன்படுத்தினார்கள். பெண்ணின் சிறுநீரை ஊசியில் ஏற்றினால், கர்ப்பமாக இருந்தால் தவளை முட்டையிடும்.)

"மூணு வாரம் கழிச்சு வந்தோம். தவளை பாலிதீன் சுத்தின மாதிரி கிடக்கு, அசையல. போயிடுச்சா?" (மூலக்கடை)

அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள். மண் காய்ந்தால் பேக்மேன் தன் தோலையே அடுக்கடுக்காக மேலே விட்டுக் கூடு கட்டிக்கொண்டு முடங்கிவிடும், தென் அமெரிக்காவில் அது மழையில்லாத காலத்தைத் தாண்டுகிற வழியே இதுதான். குளோரின் போன, அறைச் சூட்டிலுள்ள தண்ணீரைத் தாடைக்குக் கீழே நிற்கிற அளவுக்கு ஊற்றி அதில் உட்கார வையுங்கள். தோலை உரிக்காதீர்கள். உயிரிருந்தால் சில மணி நேரத்தில் தொண்டை துடிக்கும், பிறகு அதுவே தோலைக் கழற்றித் தின்றுவிடும். பார்க்கச் சகிக்காது, ஆனால் நல்ல அறிகுறி. துவண்டு, நாற்றமும் அடித்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

"பசங்க மழைத்தண்ணியில பிடிச்ச தலைப்பிரட்டை பத்து இருக்கு..." (மாதவரம்)

பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போங்கள். வேறு குளத்தில் வேண்டாம்.

"துவைக்கிற கல்லுக்கடியில ஒரு தேரை ரொம்ப வருஷமா இருக்கு. நாங்க இல்லாதப்போ அது என்ன பண்ணும் சார்?" (பழைய வண்ணாரப்பேட்டை)

கல்லுக்குள் இருக்கிற தேரைக்கே படியளக்கிறவன் என்று சொல்வார்களே, உங்கள் கல்லுக்குக் கீழேயும் அதே கணக்குதான். ராத்திரி விளக்குக்கு வருகிற பூச்சியும் கரப்பானும் அதற்குப் போதும். குழாயை மூடிவிட்டுப் போவதால் ஈரம் போய்விடும், அதனால் பழைய மண்தட்டு ஒன்றில் விரல் அகலத்துக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லி யாரிடமாவது கேளுங்கள். பக்கத்து வீட்டில் நாய் இருந்தால் மட்டும் கவனம், தேரையைக் கவ்வினால் அதன் காதுப் பக்கத்துச் சுரப்பியிலிருந்து வரும் விஷப்பாலில் நாய்க்கு நுரை தள்ளும். அப்புறம், கிளம்புகிற அவசரத்தில் வீட்டைக் கழுவிவிட்டு மிச்சப் பிளீச்சிங் பவுடரைத் துவைக்கிற கல் பக்கம் கொட்டிவிட்டுப் போகாதீர்கள்.