அடர்ந்த புதரில் கனத்த குண்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேட்டை ரைஃபிளின் கனத்த குண்டைப் பற்றியே கேட்கின்றன. எழுதியவர்களில் பலர் நம் குமரி மாவட்டத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பிழைக்கப் போனவர்கள். அங்கே உரிமம் பெற்று வேட்டைக்குப் போகிறார்கள். ஊரில் இருப்பவர்களும் இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கான பதிலைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: குண்டின் எடையைக் கிரெயினில் சொல்கிறீர்கள். கிராமில் சொன்னால் என்ன? – கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: உலகம் முழுவதும் குண்டுப் பெட்டியில் கிரெயின் என்றுதான் அச்சிடுகிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புது அளவு அல்ல. பழைய நகைக்கடைத் தோலா சரியாக 180 கிரெயின். 30-06 ரைஃபிளில் அதிகம் விற்கும் குண்டுகளில் ஒன்றின் எடையும் அதே ஒரு தோலாதான். 300 கிரெயின் ஏறக்குறைய இரண்டரைப் பவுன், 500 கிரெயின் நான்கு பவுன். நான்கு பவுன் சங்கிலியைக் கையில் ஏந்திப் பாருங்கள், கனத்த குண்டு என்றால் என்ன என்று தெரியும்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவில் வேலை பார்க்கிறேன். முள்காட்டில் குடூ மான் வேட்டைக்காக .458 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிள் வாங்கப்போகிறேன். 500 கிரெயின் குண்டு சுள்ளிகளை வெட்டிக்கொண்டு நேராகப் போகும் என்று கடைக்காரர் சொல்கிறார். சரிதானே? – கருங்கல் வாசகர்

பதில்: சரியில்லை. இந்த ஒரு பொய்யை எத்தனை முறை மறுத்தாலும் அது மறுபடி முளைக்கிறது. அதனால் இந்தத் தடவை விரிவாகவே சொல்கிறேன்.

ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரராக 22 ஆண்டுகள் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு நீங்கள் இருக்கும் அதே லிம்போபோவில், ஒரு வேட்டைப் பண்ணையின் பட்டறையில் ஆறு ஆண்டுகள் துப்பாக்கிப் பழுது பார்த்தேன். அங்கே வருகிற விருந்தினர்களும் இதையேதான் சொல்வார்கள். ஒருநாள் பண்ணை ஆட்களோடு சேர்ந்து சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். 50 மீட்டரில் ஒரு பெரிய அட்டை. அதற்குப் பத்து மீட்டர் முன்னால், கட்டைவிரல் பருமனுள்ள முள்கிளைகளை வெட்டி வந்து நெருக்கமாக நட்டோம். 30-06 ரைஃபிளில் 180 கிரெயின், .375இல் 300, .458இல் 500 என்று மாற்றி மாற்றிச் சுட்டோம் (.375, .458 என்பவை அங்குலத்தில் குண்டின் குறுக்களவு). கிளையில் படாமல் தப்பிய குண்டு குறியில் விழுந்தது. கிளையில் பட்ட குண்டு, எந்த ரைஃபிளிலிருந்து போனதானாலும், விலகியது. 500 கிரெயின் குண்டு ஒன்று கிளையை இரண்டாக முறித்துவிட்டு, அட்டையில் பக்கவாட்டாகப் போய் அடித்தது. வட்ட ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில், விரல் நுழைகிற நீளத்தில் சாவித்துவாரம் போல ஒரு கிழிசல். அந்த அட்டையைப் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்தேன். நான் ஊருக்குத் திரும்பும்வரை அது அங்கேதான் இருந்தது.

காரணம் எளியது. சுழலும் பம்பரத்தை ஓரத்தில் தட்டினால் தள்ளாடுவது போல, குண்டும் தள்ளாடித் திசை மாறுகிறது. கனத்த, மொண்ணை முனைக் குண்டு சற்றுக் குறைவாக விலகும் என்பது உண்மை. ஆனால் அந்தச் 'சற்று' எவ்வளவு என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கணக்கைப் பாருங்கள். குண்டு ஒரே ஒரு டிகிரி திரும்பினால், பத்து மீட்டர் தள்ளி 17 சென்டிமீட்டர் விலகும். 20 மீட்டர் என்றால் 35. குடூ மானின் நெஞ்சில் சுட வேண்டிய இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். தட்டின் நடுவைக் குறிவைத்தவனுக்கு 17 சென்டிமீட்டர் விலகினாலே குண்டு தட்டுக்கு வெளியே.

சுள்ளி விலங்கை ஒட்டி, அரை மீட்டருக்குள் இருந்தால் பெரிய கேடில்லை. உங்களுக்கும் விலங்குக்கும் நடுவழியில் நிற்கும் சுள்ளிதான் கெடுக்கும். அது பெரும்பாலும் கண்ணில் படாது. ரைஃபிள்மேல் உள்ள தொலைநோக்கி தூரத்து மானைத் தெளிவாகக் காட்டும்போது, பக்கத்துக் கிளை மங்கி மறைந்துவிடுகிறது. ஆகவே ஒரு கண்ணைத் தொலைநோக்கிக்கு வெளியேயும் வைத்துப் பழகுங்கள். கிளைகளுக்கு நடுவே சந்து தெரியும்வரை விசையில் விரல் வைக்காதீர்கள். சந்து கிடைக்காவிட்டால் அன்று வெறுங்கையோடு திரும்பி வாருங்கள்.

நான் இவ்வளவு கோபப்படுவதற்கு ஒரு மாலைப்பொழுது காரணம். 'என் குண்டு பிளந்துகொண்டு போகும்' என்று சொன்ன ஒரு விருந்தினர் புதருக்குள் சுட்டார். குண்டு விலகி மானின் வயிற்றில் பட்டது. அவர் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். தடம் பார்க்கும் கிழவரும் நானும் முள்ளுக்குள் தவழ்ந்து, இலையில் சொட்டியிருந்த பச்சை கலந்த இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் போனோம். இருட்டுகிற நேரத்தில்தான் அதைக் கண்டுபிடித்து முடித்துவைத்தோம். அதுவரை அந்த உயிர் பட்ட பாட்டுக்கு யார் பொறுப்பு? கடைக்காரர் வந்து தேடமாட்டார்.

கனத்த குண்டு எதற்கு என்றால், புதருக்காக அல்ல, விலங்குக்காக. எலும்பில் பட்டும் நிற்காமல் ஆழமாக இறங்க வேண்டும். அதற்கும் கனத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். குறுக்களவுக்கு எவ்வளவு கனம் என்று பாருங்கள். .458இல் 300 கிரெயின் குண்டு குட்டையானது. .308இல் 220 கிரெயின் குண்டு நீளமானது. இரண்டும் ஒரே தரமாகச் செய்யப்பட்டவை என்றால் ஆழமாகப் போவது இரண்டாவதுதான். குடூ மானுக்கு 30-06 ரைஃபிளில் 180 கிரெயின் தாராளம். .458 வேண்டாம்.

கேள்வி: நமீபியாவில் ஒரு முதியவரிடமிருந்து பழைய 8 எம்.எம். ரைஃபிள் வாங்கினேன். எந்தக் கனத் தோட்டா போடலாம்? உடனே பதில் தேவை. – மார்த்தாண்டம் வாசகர்

பதில்: உடனே பதில்: எதையும் போடாதீர்கள். 8 எம்.எம். என்பது ஒரு குடும்பப் பெயர் மாதிரி, அதில் பல பேர் உண்டு. குழலில் என்ன பொறித்திருக்கிறது, எந்த ஆண்டு, யார் செய்தது, ஒன்றும் எழுதாமல் கனத்தை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். நமீபியா ஜெர்மானியர் ஆண்ட பூமி. அங்கே பழைய 8×57 ரைஃபிள்கள் வீட்டுக்கு வீடு கிடக்கும். 1888இல் வந்த முதல் வகையின் குண்டு .318 அங்குலம். 1905இல் வந்த எஸ் வகை .323. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் பெரிய குண்டைச் சிறிய குழலில் திணித்துச் சுட்டால் அழுத்தம் எகிறும். வெடித்தால் முகத்துக்கு நேராக வெடிக்கும். துப்பாக்கிப் பட்டறையில் கொடுத்து, குழலுக்குள் மென்மையான ஈயத்தை அடித்து இறக்கி, மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள். பழைய கடிதங்களிலும் இதையே சொன்னேன், இனியும் சொல்வேன். அளவு தெரிந்த பிறகு எழுதுங்கள், கனத்தைப் பேசலாம்.

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் மிளா வேட்டை. .308இல் 150 கிரெயினா, 180 கிரெயினா? – அருமனை வாசகர்

பதில்: 180. அங்கே மிளாவுக்குக் குறைந்தது .270 காலிபர் (குழலின் குறுக்களவு), 130 கிரெயின் என்று சட்டமே இருக்கிறது. ஆகவே 150 கிரெயின் குற்றம் ஆகாது. ஆனால் 200 கிலோவைத் தாண்டும் கிடா, ஓடையோரப் பெரணிக்குள் உங்களுக்குச் சரிவாக நிற்கும். தோள் எலும்பைக் கடந்து நெஞ்சுக்குள் இறங்க வேண்டுமென்றால், உறையும் ஈயமும் பிரியாதபடி ஒட்டிச் செய்த 180 கிரெயின் குண்டு நம்பிக்கையானது. 1860களில் அந்த நாட்டில் கொண்டுபோய் விடப்பட்ட மிளா அங்கே பெருகிவிட்டது. இங்கே, பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள மிளா அப்படியல்ல. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அந்த ஆசையைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: மரச்சீனியைக் காட்டுப்பன்றி கிளறிப் போடுகிறது. பன்றிக்கு எந்தக் குண்டு நல்லது? – விவசாயி, குலசேகரம்

பதில்: எதுவும் இல்லை. உங்கள் இழப்பு எனக்குத் தெரியும். என் தம்பியின் வாழைத்தோட்டமும் அப்படித்தான் போனது. ஆனால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் சுட முடியாது, நானும் முடியாது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் 2022இல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்தார்களே என்று கேட்காதீர்கள். அது கேரளத்து உத்தரவு. சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள். மின்சாரத்தை வேலியில் விடாதீர்கள். வெடிமருந்து வைத்த அவுட்டுக்காய் வைக்காதீர்கள். விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டப் போகிறவரும் அதே வழியில்தான் நடக்கிறார்.

கேள்வி: லீவர் ரைஃபிள், .45-70. கூர்முனைக் குண்டு போடலாமா? – அமெரிக்காவிலிருந்து

பதில்: தோட்டாக்களை வரிசையாக வைக்கும் மேகசின் குழாய் வடிவம் என்றால் கூடாது. ஒரு தோட்டாவின் முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரில், அதாவது அடித்தால் பற்றும் மூடியில், முட்டி நிற்கும். தட்டை முனை போடுங்கள். ரப்பர் முனை வைத்து, இதற்கென்றே செய்த குண்டுகளும் கிடைக்கின்றன. இன்னொன்று: .45-70 பிறந்தது 1873இல். இன்றைய வலுவான தோட்டாவைத் தாத்தா காலத்து ரைஃபிளில் போடாதீர்கள். குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள்.

கேள்வி: கலிபோர்னியாவில் காட்டுப்பன்றி வேட்டைக்கு ஈயக்குண்டு கூடாது என்கிறார்கள். செம்பில் எந்தக் கனம்? – தக்கலை வாசகர்

பதில்: 2019 ஜூலை முதல் அங்கே எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. செம்பு ஈயத்தைவிட இலேசானது. அதனால் அதே கனத்தில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். ரொம்ப நீளமானால் குழலின் உள்ளே உள்ள முறுக்கு வரி அதைச் சுழற்றி நிலைநிறுத்தத் திணறும். ஒரு படி குறைத்து வாங்குங்கள். .308இல் 150 அல்லது 165 போதும். செம்பு சிதறாமல் ஒரே துண்டாக இறங்குவதால் ஆழம் குறையாது.

கேள்வி: காட்டெருமைக்கு .375இல் மென்முனையா (உடலில் விரியும் குண்டு), சாலிட்டா (விரியாத குண்டு)? உதைப்பு தாங்குமா? – ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் திருவட்டாறு வாசகர்

பதில்: .375 ஹாலண்ட் மேக்னம் 1912இல் வந்தது. 300 கிரெயின் குண்டோடு நூறு ஆண்டுக்கு மேலாக அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் காட்டெருமைக்கு அதற்குக் குறைந்த காலிபரை அனுமதிப்பதில்லை. முதல் தோட்டா நல்ல தரமான மென்முனை. காரணம், சாலிட் உடலைத் துளைத்து மறுபக்கம் வந்து பின்னால் நிற்கும் மாட்டையும் காயப்படுத்தும். அடுத்த தோட்டாக்கள் சாலிட். அப்போது விலங்கு உங்களுக்கு முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருக்கும், ஆழம் தேவை. உதைப்பு 30-06 போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. .458 மூன்று மடங்கு. தோள் வலிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவன் கையில் பெரிய காலிபர் இருந்து பயனில்லை. முதலில் .375இல் மாதக்கணக்கில் பழகுங்கள், உட்கார்ந்தும் நின்றும். காட்டெருமையும் புதரில்தான் நிற்கும். சந்து தெரியும்வரை விசையில் விரல் வேண்டாம்.

கேள்வி: உரிமம் பெற்ற .315 ரைஃபிள் இருக்கிறது. இதற்கு இன்னும் கனமான குண்டு கிடைக்குமா? – ஆரல்வாய்மொழி வாசகர்

பதில்: அரசுத் தொழிற்சாலைத் தோட்டாவில் 240 கிரெயினுக்குச் சற்று மேலான மென்முனைக் குண்டுதான் இருக்கிறது. அந்தக் குறுக்களவுக்கு அதுவே கனம்தான். வீட்டில் தோட்டா நிரப்ப உங்கள் உரிமம் இடம் தராது. நம் ஊர்க் காற்றில் உப்பு அதிகம். சுட்டாலும் சுடாவிட்டாலும் மாதம் ஒருமுறை குழலைத் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள்.