தொண்ணூறிலும் தானே எழுந்து நடக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 64. ரத்த அழுத்தத்திற்கு மட்டும் மருந்து எடுத்துக்கொள்கிறேன். என் பாட்டி தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்தார். ஆனால் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு கடைசி ஆண்டுகளைப் படுக்கையிலேயே கழித்தார். எனக்கும் நீண்ட ஆயுள் இருக்கலாம், ஆனால் அந்த நிலை வரக்கூடாது என்று நினைக்கிறேன். முதுமையைத் தள்ளிப்போடும் என்று சொல்லப்படும் ரேபமைசின், ரெஸ்வெரட்ரால், என்.எம்.என். ஆகிய மாத்திரைகளை இப்போதே தொடங்கலாமா?

பதில்: இவற்றில் எதையும் இப்போது தொடங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ரேபமைசின், மாற்று உறுப்பு பொருத்தப்பட்டவர்களின் உடல் அதை நிராகரித்துவிடாமல் இருக்கத் தரப்படும் மருந்து. மனிதரின் அறுபது வயதுக்கு ஏறக்குறைய நிகரான 600 நாள் வயதுடைய சுண்டெலிகளுக்கு அதைக் கொடுத்தபோது அவற்றின் ஆயுள் நீண்டதாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. முதுமையியல் ஆய்வாளர்கள் அதில் ஆர்வம் கொள்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஆனால் மனிதரின் ஆயுளை அது நீட்டிக்கும் என்று இதுவரை நிறுவப்படவில்லை. வாய்ப்புண், கொழுப்பு அளவு உயர்தல், நோய்த்தொற்று போன்ற பக்கவிளைவுகளோ நன்கு அறியப்பட்டவை. திராட்சைத் தோல் போன்றவற்றில் காணப்படும் ரெஸ்வெரட்ரால், வழக்கமான உணவு உண்ட சுண்டெலிகளிடம்கூட ஆயுளைக் கூட்டவில்லை. என்.எம்.என்., செல்கள் ஆற்றல் பெற உதவும் ஒரு வேதிப்பொருளின் அளவை ரத்தத்தில் உயர்த்துகிறது என்பது உண்மை. அதனால் ஒருவர் கூடுதல் காலம் நலமாக வாழ்கிறார் என்பதற்குச் சான்று இல்லை.

பாட்டியின் நிலையை நீங்கள் குறிப்பிட்டது மிக முக்கியமானது, ஏனெனில் உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. முதியவர்களைப் படுக்கையில் தள்ளும் காரணங்களில் கால் தசை மெலிவதும் அதனால் விழுவதும் முன்னணியில் நிற்கின்றன. தசையில் வேகமாகச் சுருங்கி விரியும் இழைகளே வயது ஏறும்போது அதிகம் குறைகின்றன. தடுமாறும் கணத்தில் காலைச் சட்டென்று முன்வைத்து உடலைத் தாங்க உதவுபவை அவைதாம். நடைப்பயிற்சி இதயத்திற்கு நல்லது என்றாலும், நடை மட்டும் இந்த இழப்பைத் தடுக்கப் போதாது.

தசையை எந்த வயதிலும் மீட்க முடியும் என்பதை நான் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதியோர் இல்லத்தில் வசித்த, 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேர் எட்டு வாரங்கள் தீவிர எடைப் பயிற்சி செய்யத் தொடங்கினார்கள். பயிற்சியை நிறைவு செய்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. சிறிய ஆய்வுதான் என்றாலும், அதன் பிறகு வந்த பல ஆய்வுகளும் இதே திசையையே காட்டுகின்றன. 64 வயதில் தொடங்கும் நீங்கள் தாமதமாகிவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

சுவரை ஒட்டிய உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்யும்போது கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். எளிதாகிவிட்டால் கையில் எடையைப் பிடித்துக்கொள்ளுங்கள், சில வாரங்களுக்குப் பின் எழுவதை மட்டும் வேகமாகச் செய்யுங்கள். வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்கள் இத்தகைய பயிற்சியும், மூன்று நாட்கள் ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சியும் வேண்டும். பிடித்துக்கொள்ள அருகில் ஏதேனும் இருக்கட்டும். தசை வளரப் புரதமும் தேவை. முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்ட பிறகே அளவைக் கூட்ட வேண்டும்.

செவித்திறனையும் சோதித்துக்கொள்ளுங்கள், கவனிக்கப்படாத செவித்திறன் குறைபாடு மறதி நோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய காரணங்களுள் ஒன்று. புகைப்பழக்கம் இருந்தால் அதை விடுவதற்கு நிகரான பலன் வேறெதிலும் இல்லை: அறுபது வயதில் விட்டவர்கள்கூடச் சுமார் மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்வதைப் பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் ஐம்பது ஆண்டுகள் நடந்த ஆய்வு காட்டியது.

நீங்கள் ஏற்கெனவே எடுத்துவரும் ரத்த அழுத்த மருந்தைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். எண்பது வயதைக் கடந்தவர்களுக்கு இம்மருந்து நன்மை தருமா என்ற ஐயம் நீண்ட காலம் இருந்தது. 2008இல் வெளியான பெரிய ஆய்வு, மருந்து பெற்றவர்களிடையே மரணங்கள் 21 சதவீதம் குறைந்ததைக் காட்டி அந்த ஐயத்தைப் பெரிதும் நீக்கியது. முதுமையைத் தள்ளிப்போடும் என விற்கப்படும் எந்த மாத்திரைக்கும் இப்படியொரு சான்று கிடையாது. அதே வேளையில், எழுந்தவுடன் அழுத்தம் சட்டென்று இறங்குவது விழுவதற்கு வழிவகுக்கும். ஆகவே ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒருமுறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்திற்குள் மறுமுறையும் அளந்து பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால், மருந்தை நீங்களாக நிறுத்தாமல், குறித்து வைத்த அளவுகளுடன் மருத்துவரைப் பாருங்கள். தூக்க மாத்திரை ஏதேனும் எடுத்துக்கொண்டால் அதையும் அவரிடம் தவறாமல் தெரிவியுங்கள்.