இரண்டு போர்ட்டுக்கும் கேட்வே கொடுத்தால் இப்படித்தான் ஆகும்

கண்காணிப்புப் பெட்டியின் (சென்சார் அளவுகளைக் காட்டும் கம்ப்யூட்டர்) இரண்டாவது நெட்வொர்க் போர்ட்டில் போட்டிருக்கும் கேட்வேயை, அதாவது வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழியின் முகவரியை, அழித்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாகவே விட்டுச் சேமித்து, பெட்டியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மண்டபம் ஐஸ் பிளான்ட்டுக்குள் திறக்கிற கண்காணிப்புப் பக்கம் ராமநாதபுரம் ஆபீஸில் மட்டும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் இந்தக் கோளாறாகத்தான் இருக்கும்.

ஆபீஸிலிருந்து வரும் கோரிக்கை முதல் போர்ட்டில் நுழைகிறது, பதிலோ சென்சார்கள் இருக்கும் இரண்டாவது போர்ட் வழியாகக் கிளம்பி எங்கோ தொலைந்துபோகிறது. பிளான்ட்டுக்குள் ஒரே சப்நெட் (ஒரே நெட்வொர்க் பகுதி) என்பதால் கேட்வேயே தேவைப்படாது, அதனால் அங்கே எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும்.

பெட்டியில் மானிட்டரும் கீபோர்டும் மாட்டி 'ஐபி ரூட்' (ip route) என்று கட்டளை கொடுத்துப் பாருங்கள். 'டிஃபால்ட்' (default) என்று தொடங்கும் வரி இரண்டு இருந்தால் ஆள் சிக்கிவிட்டான். ஒன்றுதான், அதுவும் சரியான போர்ட்டைக் காட்டுகிறது என்றால் அந்தக் கேட்வேயைப் பிங் செய்யுங்கள் (பதில் வருகிறதா என்று 'ping' கட்டளையால் பாருங்கள்), விட்டுவிட்டுப் பதில் வந்தால் கேபிளைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். பாம்பனில் ஓர் இடத்தில் அரை நாள் செட்டிங்கையே நோண்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் உப்புக்காற்றில் பின் பச்சை பூத்துக் கிடந்தது.

ஒன்று, இதை ஆபீஸில் உட்கார்ந்து ரிமோட்டில் செய்யாதீர்கள். தவறான கேட்வேயை அழித்துவிட்டால் அப்புறம் மண்டபத்துக்கு பஸ் ஏற வேண்டியதுதான். சென்சார்களில் சில வேறு சப்நெட்டில் இருந்தால் அவற்றுக்குத் தனியாக ஸ்டாட்டிக் ரூட் (அந்த சப்நெட்டுக்கு மட்டும் நாமே குறித்துவைக்கும் வழி) போடுங்கள், கேட்வேயைத் திரும்ப வைக்க வேண்டாம்.