ஹெட் கேஸ்கெட் மாற்றிய பிறகும் இன்ஜின் சூடேறினால் எங்கிருந்து சோதிக்க வேண்டும்?

கேள்வி: என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். நெடுஞ்சாலையில் கொதித்து நின்றதால் ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) இறக்கி, லேத்தில் ஃபேசிங் செய்து (அடிப்பரப்பைச் சமன்செய்து), புதிய ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போட்டார்கள். இப்போது நகர நெரிசலில் வெப்பமானி முள் மேலே ஏறுகிறது. ரிசர்வ் டேங்க் நிரம்பி வழிகிறது. வண்டி ஆறிய பிறகும் அந்தக் கூலண்ட் ரேடியேட்டருக்குத் திரும்புவதில்லை. ஹீட்டரைப் போட்டால் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) குளிர்ந்த காற்றுதான் வருகிறது. ஹெட்டை மறுபடி இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கேஸ்கெட் கசிவுக்குப் பொருந்துகின்றன என்பது உண்மை. ஆனால் அதே அறிகுறிகள், கூலண்ட் நிரப்பும்போது உள்ளே சிக்கிக்கொண்ட காற்றுக்கும், அதாவது பட்டறைகளில் ஏர் லாக் என்று சொல்லப்படும் குறைக்கும் அப்படியே பொருந்துகின்றன. இரண்டையும் பிரித்தறிய ஹெட்டை இறக்கத் தேவையில்லை. ஒரு காலைப்பொழுது போதும்.

இரவு முழுவதும் ஆறிய வண்டியில், ரேடியேட்டர் மூடியை இறுக மூடிவிட்டு இன்ஜினை இயக்குங்கள். ஓரிரு நிமிடங்களில், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் தொடுவதற்குக் குளிர்ச்சியாக இருக்கும்போதே, விரலால் அழுத்த முடியாத அளவுக்கு விறைத்துவிட்டால், சிலிண்டரில் எரியும் வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுகிறது என்று பொருள். ஏனெனில் வெப்பத்தால் உண்டாகும் அழுத்தம் கூலண்ட் சூடான பிறகே வர முடியும். ஹோஸ் மெதுவாக, சூட்டோடு சேர்ந்து விறைத்தால் அது இயல்பு. இதை உறுதிப்படுத்த, ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல நிறத் திரவக் கருவி பல பட்டறைகளில் உண்டு. பெட்ரோல் இன்ஜினின் எரிந்த வாயு பட்டால் அத்திரவம் மஞ்சளாக மாறும்.

ஹோஸ் சோதனையில் தேறிவிட்டால், அடுத்த வேலை காற்றை வெளியேற்றுவது. ஐடிலில் குளிர்ந்த காற்றும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் சூடான காற்றும் ஹீட்டரிலிருந்து வந்தால், காற்று அங்கே தேங்கியிருக்கவோ கூலண்ட் குறைந்திருக்கவோ வாய்ப்பு மிகுதி. ஆறிய வண்டியை முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்து கூலண்டை மெதுவாக ஊற்றுங்கள். ஹோஸ்களை அவ்வப்போது பிசைந்துவிடுங்கள். காற்று நீக்கும் திருகு இருக்கும் வண்டியானால், குமிழியில்லாமல் கூலண்ட் ஒழுகும் வரை அதைத் தளர்த்தி வைக்க வேண்டும். பிறகு மூடியில்லாமலேயே ஐடிலில் ஓடவிட்டால், பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் தெர்மோஸ்டாட் (சூடான பிறகே கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கும். அப்போது மட்டம் சட்டென இறங்கும், குமிழிகள் வரும், மேல் ஹோஸ் சூடாகும். கூலண்ட் பொங்கித் தெறிக்கக்கூடும் என்பதால் முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். இறங்கிய அளவுக்கு ஊற்றி, குமிழிகள் நின்றதும் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை காத்திருங்கள். மறுநாள் காலை மட்டத்தை மறுபடி பார்ப்பதை விட்டுவிட வேண்டாம். சிக்கிய காற்று, வெப்பத்தை அளக்கும் சென்சாரைச் சூழ்ந்துகொண்டால் இன்ஜின் கொதிக்கும்போதும் முள் நடுவிலேயே நிற்கலாம் என்பதால், முள்ளை மட்டும் நம்பி ஓட்டுவது ஆபத்து.

கூலண்ட் திரும்பி வராததற்கு இன்னொரு மலிவான காரணமும் உண்டு: ரேடியேட்டர் மூடி. அதில் அழுத்தத்தை விடும் வால்வோடு, ஆறும்போது கூலண்டை உள்ளே இழுக்கும் சிறு வால்வும் இருக்கிறது. ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப்போயிருந்தால் அந்தச் சிறு வால்வையோ, டேங்குக்குப் போகும் மெல்லிய குழாய் அடைத்திருப்பதையோ சந்தேகியுங்கள். மூடியில் அச்சிட்டிருக்கும் 0.9, 1.1 போன்ற பார் எண் (அழுத்த அளவு) மாறாமல் புதியது வாங்க வேண்டும்.

நெரிசலில் மட்டும் சூடேறி, வேகமாகப் போனால் இறங்குகிறது என்றால் ஃபேனைப் பாருங்கள். ஹெட்டை இறக்கும்போது கழற்றிய கனெக்டரை மாட்ட மறப்பது நடக்கிற விஷயம்தான். ஒயரை மாற்றி இணைத்திருந்தால் ஃபேன் தலைகீழாகச் சுழன்று காற்றை முன்னால் தள்ளும். ஏசியைப் போட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்தால், அது உள்நோக்கி ஒட்ட வேண்டும். மேட்டிலும் வேகத்திலும்தான் சூடேறுகிறது என்றால், ரேடியேட்டர் அடைப்பையும் வாட்டர் பம்ப்பையும் பார்க்க வேண்டும்.

“நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை” என்று அதைக் கழற்றிவிடும் பழக்கத்துக்கு இடம்கொடுக்காதீர்கள். நோய் மறையுமே தவிரத் தீராது, பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். கசிவை அடைக்கும் பொடியும் அப்படியே: அது ஹீட்டர், ரேடியேட்டர் நுண்குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். ஆழ்துளைக் கிணற்று நீருக்குப் பதிலாக டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலண்டோ, கலந்தே விற்கும் கூலண்டோ ஊற்றச் சொல்லுங்கள்.

ஹோஸ் சோதனையில் தோற்றால், மெக்கானிக் சொல்வது சரி. ஹெட்டை இறக்கத்தான் வேண்டும். ஆனால் இன்னொரு கேஸ்கெட் மட்டும் போட்டு முடிக்க விடாதீர்கள். நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து ஹெட்டையும் பிளாக்கையும் உங்கள் எதிரில் அளக்கச் சொல்லுங்கள். அனுமதிக்கப்படும் வளைவு பல சிறிய அலுமினிய ஹெட்களில் 0.05 மில்லிமீட்டர் அளவே, உங்கள் வண்டிக்கான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். வால்வு சீட்டுகளுக்கு இடையே விரிசல் இருக்கிறதா என்று ஹெட்டை அழுத்தச் சோதனைக்கு அனுப்புங்கள். கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டதால் தண்ணீர்த் துளை அடைபட்டிருந்ததா என்பதையும் கழற்றும்போதே பார்க்க வேண்டும். கோண டிகிரிக் கணக்கில் முறுக்கும் ஹெட் போல்ட்டுகளானால், பெரும்பாலும் அவை ஒருமுறை நீண்டுவிட்டவை; புதியவை கேளுங்கள்.

இது முடியும் வரை வண்டியை வெளியே எடுக்க நேர்ந்து முள் ஏறினால், ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுமையாகத் திறந்து, ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். மூடியைத் திறக்காதீர்கள், சூடான இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, ஃபேசிங் செய்த ஹெட் அதிலேயே மறுபடி வளைந்துவிடலாம்.