அண்ணன் வீடு திரும்பவில்லை என்றால் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்

தம்பி, வெளிநாடு வந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், நேற்று வேலைக்குப் போன அண்ணன் திரும்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 24 மணி நேரம் ஆகாமல் போலீஸ் புகார் வாங்காது என்று அறையில் இருப்பவர்கள் சொல்வதாகவும், விசா சிக்கல் வருமோ என்று பயப்படுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 24 மணி நேரக் கணக்கை நம்பாதீர்கள். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா எங்கேயும் அப்படிக் காத்திருக்கச் சொல்லும் விதி இல்லை. என் சித்தி மகனைக் காணாதபோது நாங்களும் இதே பேச்சைக் கேட்டு ஒரு ராத்திரியை வீணாக்கினோம். மறுநாள் போலீஸ் நிலையத்தில் கேட்ட முதல் கேள்வி, "என்ன சட்டை போட்டிருந்தார்?" ஒரே வீட்டில் இருந்தும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்து கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, நீலக் கட்டம் போட்ட சட்டை மட்டும் இல்லை என்று கண்டுபிடித்தோம். அந்தச் சட்டையை வைத்துத்தான், பெயர் தெரியாத நோயாளியாக ஆஸ்பத்திரியில் கிடந்தவரை அடையாளம் கண்டார்கள்.

அதனால் போகும்போது சமீபத்திய படம், உடை, தழும்பு, சாப்பிடும் மருந்து, கடைசியாகப் பேசிய நேரம் எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். மொழி வரவில்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். புகார் எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள். அவருடைய சீப்பு, பல் துலக்கும் பிரஷ் இரண்டையும் யாரும் தொட வேண்டாம். டிஎன்ஏ பார்க்க உதவும்.

விசா விஷயத்தில் ஒன்றும் ஆகாது என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் புகாரை ரத்த சொந்தம்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. பயமாக இருந்தால் விசா ஆவணங்கள் சரியாக உள்ள நண்பர் ஒருவரைக் கொடுக்கச் சொல்லுங்கள், அதற்காக நாளைக்கு என்று தள்ளிவிடாதீர்கள்.

அப்புறம் நம் நாட்டுத் தூதரகம். அண்ணனைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கவும் கூடும். தூதரக உறவுகள் பற்றிய 1963-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தப்படி, வெளிநாட்டில் கைதானவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டும். அவர் கேட்காவிட்டால் தூதரகத்துக்கே தெரியாமல் இருக்கலாம், ஆகவே நீங்களே சொல்லிவையுங்கள். எல்லை தாண்டியிருப்பார் என்று சந்தேகம் வந்தால் பல நாட்டுப் போலீஸை இணைக்கும் இன்டர்போல் அமைப்பின் மஞ்சள் அறிவிப்பு உண்டு; காணாமல் போனவரைத் தேடச் சொல்லி மற்ற நாட்டுப் போலீஸுக்குப் போகும் தகவல் அது. அதைக் குடும்பம் நேரடியாகக் கேட்க முடியாது, போலீஸ் வழியாகத்தான் போகும். போர், பேரிடர், புலம்பெயர்வு இவற்றால் தொடர்பு அறுந்தவர்களைத் தேட செஞ்சிலுவைச் சங்கம் இலவசமாக உதவுகிறது.

படத்தைப் பகிரும்போது உங்கள் எண்ணைப் போடாதீர்கள், போலீஸ் எண்ணைப் போடுங்கள். "உங்கள் அண்ணன் எங்களிடம் இருக்கிறார், பணம் அனுப்பு" என்று மனசாட்சியில்லாதவர்கள் கூப்பிடுவார்கள்.

அம்மாவிடமும் மறைக்காதீர்கள். உங்களிடம் சொல்லாத எதையாவது அண்ணன் அவரிடம் சொல்லியிருக்கலாம். நிலையத்துக்குப் போகும் வழியிலேயே அவருக்குப் போன் செய்யுங்கள்.